இளிக்கிறாள் பார்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று வரவேற்பு மேசைக்காரிகள் எல்லோரையும் மூன்றாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். பயிற்சியாம். என்ன பயிற்சி என்றால், சிரிக்க. வெளியிலிருந்து ஒரு பெண் வந்து நடத்தினாள். மேல்வரிசையில் எட்டுப் பல் தெரிய வேண்டுமாம். ஆறு தெரிந்தால் ஒப்புக்குச் சிரிப்பது, பத்து தெரிந்தால் இளிப்பது. ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்தாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் வரிசையாகக் கண்ணாடியைப் பார்த்து ‘ஈ’ என்று நின்றோம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் வயிற்று வலியோடு வருகிறான், என் பல்லை எண்ணவா போகிறான்?

எங்கள் மேற்பார்வை மேடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. அவள் உடுப்பில் ஒரு சுருக்கம் பார்த்தவர் கிடையாது. முகத்திலும். அவள் என் பக்கம் வந்து, “உனக்கெல்லாம் பயிற்சியே வேண்டாம்மா, பொறக்கும்போதே கொண்டுவந்துட்ட” என்றாள்.

அம்மா இதைக் கேட்டிருக்க வேண்டும். இதே வாய்க்காக என்னை அடித்தவள். எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது. வாய் தானாகக் காது வரை போய்விடும். பாலைக் கொட்டிவிட்டு நிற்பேன், முதல் அடி விழும், வாய் விரியும். “அடி வாங்கிக்கிட்டே இளிக்கிறா பாரு” என்று இன்னும் இரண்டு விழும். அதற்கு இன்னும் விரியும். அந்த வாய்க்கு இன்று சம்பளம் கொடுக்கிறார்கள்.

பிப்ரவரி 4

எட்டா ஒன்பதா என்று நாள் முழுக்க நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பைத்தியம் பிடித்துவிடும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

பித்தப்பைக் கல் எடுக்க நேற்று ஒரு அம்மா சேர்ந்திருந்தாள். அவள் புருஷன் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற பெயிண்டர். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளை. இன்று காலை அறுவை சிகிச்சை. சின்னதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அவர் என் மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் உள்தொலைபேசி அடித்தது. இஸ்திரி. “அந்தப் பித்தப்பை கேஸ் முடிஞ்சிருச்சு. பெரிய டாக்டர் வந்துதான் சொல்லணும். அதுவரைக்கும் நீ ஒண்ணும் வாயைத் திறக்காத. சிரிச்ச முகமா உக்கார வை. சாப்பிட்டு வரச் சொல்லு.”

முடிந்துவிட்டது என்றால் ஆபரேஷன்தான் முடிந்தது என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி இல்லை என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

அவர் எழுந்து வந்தார். “போன் வந்துச்சே, நம்மளப் பத்தியா?” நான் — வாய் விரிந்தது. எட்டும் இல்லை, பத்தும் இல்லை, இருக்கிற அத்தனை பல்லும். “ஒண்ணுமில்லைங்க, நேரமாகும், நீங்க சாப்பிட்டு வாங்க.” என் முகத்தைப் பார்த்து அவருக்கு நிம்மதி. அவரும் சிரித்தார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் எழுந்து எழுந்து வந்து கேட்டார். ஒவ்வொரு தடவையும் இதே வாய், இதே பதில்.

பெரிய டாக்டர் வந்தபோது சாயங்காலம். கூடத்து மூலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார். பக்கத்தில் அவர் தம்பி, கையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி.

“உனக்கு அப்பவே தெரியும், இல்ல?”

அவ்வளவுதான் கேட்டார். பயத்தில் என் உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. வாய் மட்டும் —

தம்பி படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 12

எல்லோருடைய கைபேசியிலும் நான் இருக்கிறேன். கீழே எழுதியிருக்கிறார்கள்: ‘பொண்டாட்டி செத்து நிக்கிறவனைப் பார்த்து இளிக்கிறாள் பார்.’

நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கப் போவதும் இல்லை.

பிப்ரவரி 13

சூடு ஆறும்வரை வீட்டிலேயே இரு என்று இஸ்திரி போனில் சொன்னாள். யாரிடமும் பேசாதே, வெளியே தலைகாட்டாதே.

பிப்ரவரி 15, சனி

இவர் ஏசி பழுது பார்க்கப் போகும் வீடுகளில் எல்லாம் அந்தப் படம் ஓடுகிறதாம். ஒரு வீட்டில் இவரைக் கூப்பிட்டே காட்டியிருக்கிறார்கள், “காலம் எப்படிக் கெட்டுப்போச்சு பாருங்க” என்று. இவர் ஏணிமேல் நின்றபடி பார்த்துவிட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வேறு என்னதான் சொல்வார்? என் பெண்டாட்டிதான் என்றா?

சாப்பிட்டுக் கை கழுவும்போது, திரும்பாமலேயே கேட்டார்.

“நிஜமா சிரிச்சியா?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வாய் எப்போதெல்லாம் விரியும் என்று இவருக்குத் தெரியாதா? மகள் குட்டிக்கு வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடிய அன்று, ஆட்டோவில் இப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்? பக்கத்தில் இருந்த ஆள்தானே இவர்?

தட்டைக் கழுவினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

முகக்கவசம் மாட்டிக்கொண்டு முனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, “கவசம் போட்டாலும் தெரியுது” என்றார். கிண்டலா பரிதாபமா தெரியவில்லை. இனி அத்தைதான் கடைக்குப் போவதாக முடிவாயிற்று. ஜன்னலை மூடியே வைத்திருக்கிறோம். துணி எல்லாம் அறைக்குள்ளேயே காய்ந்து வீடே ஈர நாற்றம். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் யாரோ அந்தப் படத்தைப் போடுகிறார்கள். அதில் ஒரு பேய்ச் சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்திருக்கிறார்கள் போல. நான் சிரிக்கிற சத்தம் அது இல்லை. நான் சத்தமே போடவில்லை.

குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: “அம்மா, இளிக்கிறதுன்னா என்ன? சிரிக்கிறது வேற, அது வேறயா?”

யாரடி சொன்னது என்று கேட்கவில்லை. கேட்டால் நாளைக்குச் சொல்ல மாட்டாள்.

என்னவென்று சொல்ல? வாயைத் திறந்து பல் தெரியச் சிரிப்பது என்றேன். அப்படியானால் அது நல்லதுதானே என்றாள்.

அதன் பிறகு வேறு வேலை இல்லாததால் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்தன்று ஊரே சொன்னது, “பொண்ணுக்கு வாயெல்லாம் பல்லு.” சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். அதே வாய், அதே பல். பிடித்தவள் என்றால் வாயெல்லாம் பல், பிடிக்காதவள் என்றால் இளிக்கிறாள். பெண்பிள்ளை வேற்று ஆணைப் பார்த்துச் சிரித்தால் இளிப்பு. ஏமாந்தவன் இளிச்சவாயன். குரங்கு இளிக்கும். காலையில் அத்தை, “செருப்பு பல்லிளிக்குது, தைக்கக் குடுக்கணும்” என்றாள். முலாம் போன நகையும் பல்லிளிக்கும். வேலை கேட்டு, தவணை கேட்டுப் பெரிய மனிதர்கள் முன்னால் போய் நின்றால், அதற்கும் பல்லைக் காட்டுவது என்றுதான் பெயர். அதில் சிரிப்பே கிடையாது. என்னுடையது அந்த வகையோ என்னவோ. என்னை ஒன்றும் செய்துவிடாதே என்று பல்லால் கெஞ்சுவது.

இவருடைய பள்ளிக்கூடத்து அகராதி பரணில் இருந்தது. இறக்கிப் பார்த்தேன். இளி என்றால் இகழ்ச்சி என்று போட்டிருக்கிறது. பக்கத்திலேயே, யாழின் நரம்புகளில் ஒன்று என்றும் இருக்கிறது. குட்டியிடம் இரண்டாவதைச் சொன்னேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லட்டும்.

பிப்ரவரி 18

சொன்னாளாம். “உங்க அம்மா வீணையா?” என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

பிப்ரவரி 20

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மாடி வீட்டுக்காரர் ஒரு நகைச்சுவை போட்டார். அதற்குப் பதிலாக யாரோ ஒரு ஸ்டிக்கர் அனுப்பினார்கள். வாய் விரிந்த ஒரு பெண் முகம், மேலே ‘ஈ’ என்று எழுத்து. நல்ல சிரிப்பு என்றுகூட நினைத்துவிட்டேன். பிறகுதான் காதில் இருக்கிற தோட்டைப் பார்த்தேன்.

குழுவில் நானும் இருக்கிறேன் என்று அவர்களுக்கு நினைவில்லை.

பிப்ரவரி 22, சனி

அத்தையைப் பற்றி எழுத வேண்டும். வீட்டுக்குள் என்னைக் கண்டால், “வாயை மூடிப் பழகு” என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறவள், இன்று படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரி ஏதோ ஆரம்பித்ததும், “எங்க வீட்டுப் பொண்ணு பல்லு, எங்க வீட்டுப் பொண்ணு வாயி, உனக்கு எங்க வலிக்குது?” என்று கேட்டுவிட்டாளாம். குட்டி வந்து நடித்துக் காட்டினாள். உள்ளே வந்த அத்தை என்னைப் பார்த்ததும், “என்ன பாக்குற? மூடு வாயை” என்றாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இஸ்திரி வீட்டுக்கே வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், டீ குடித்தாள். குரலில் அவ்வளவு பிரியம்.

பெயிண்டர் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறாராம். மனைவி எப்போது இறந்தாள் என்று கேட்கிறாராம். மாலையில், பெரிய டாக்டர் வந்து சொல்வதற்குச் சற்று முன்புதான் உயிர் பிரிந்தது என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்துவிட்டது. அதில் எந்தச் சிக்கலும் இல்லையாம். என் முகம்தான் சிக்கலாம். நான் ஒரு வீடியோவில் பேச வேண்டும். யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது, நோயாளியின் குடும்பத்திடம் பொறுப்பில்லாமல் சிரித்தது என் சொந்தத் தவறு, மன்னிக்க வேண்டும். பேசிவிட்டால் அடுத்த திங்களே வேலைக்கு வரலாம். வரவேற்பில் இல்லை, பின்பக்கத்துத் தொலைபேசி அறையில்.

“உன் குரல் நல்லா இருக்கும்மா. முகத்தைத்தான் கொஞ்ச நாளைக்கு யாருக்கும் காட்ட வேண்டாம்.”

மேடம், நீங்கதானே போன்ல சொன்னீங்க என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “நான் என்ன சொன்னேன்? ஆபரேஷன் முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன்.”

இவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனதும், “சொல்லித் தொலைச்சுடேன். நாலு வரி. எல்லாம் பழையபடி ஆயிடும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

பிப்ரவரி 26

கண்ணாடி முன்னால் அந்த நாலு வரியைச் சொல்லிப் பார்த்தேன். ‘மன்னிக்க வேண்டும்’ என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் வாய் விரிகிறது. மன்னிப்பு வீடியோவிலும் இளித்தால் என்னை என்ன செய்வார்கள்?

சொன்னாலும் மாட்டினேன், சொல்லாவிட்டாலும் மாட்டினேன்.

பிப்ரவரி 28

அன்று அந்தப் பெயிண்டர் சாப்பிட்டுவிட்டு வந்து ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

மார்ச் 2, ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

சேர்க்கைச் சீட்டில் பெயிண்டரின் முகவரியைத் தட்டியது நான்தான், அதனால் தெரு ஞாபகம் இருந்தது. இவரிடம் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். கவசம், தலையில் துணி. பேருந்தில் யார் கைபேசியை எடுத்தாலும் என்னைத்தான் பார்க்கிறார்களோ என்று பயம்.

கதவைத் திறந்தது தம்பி. கவசத்தை இறக்கினேன். அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. நிலையில் கையை வைத்து மறித்தான். “எதுக்கு வந்த? இங்கயும் வந்து சிரிக்கவா?” என்றான். அப்போது என் வாய் விரிந்துதான் இருந்தது. அவன் மேல் என்ன தப்பு சொல்ல முடியும்?

உள்ளேயிருந்து அவர், “விடு” என்றார்.

பின்பக்கக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. கை வேலையை நிறுத்தவும் இல்லை. நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து இப்படி, பயம் வந்தால் இப்படி ஆகும், நான் சிரிக்கவில்லை என்று என்னென்னவோ.

“கையை எடுங்க. மூடிக்கிட்டுப் பேசினா எனக்கு விளங்கல.”

எடுத்தேன். வாய் முழுக்கப் பல்லோடு அந்த மனிதர் முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து, என் முகத்தை நன்றாகப் பார்த்தார். யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் கேன்டீன்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப அவ உசிரோட இருந்தாளா?”

அவ்வளவு தூரம் பேருந்தில் போனது இந்தக் கேள்விக்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

“இல்லை” என்றேன்.

அவர் பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பி அலசினார். தண்ணீர் வெள்ளையாக ஓடியது. தம்பி சுவரில் சாய்ந்தான்.

“ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்” என்றார். “நல்ல பசி.”

எனக்கு அழ வேண்டும் போல இருந்தது. அழுகை வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். போன் வந்ததையும், இஸ்திரி சொன்னதையும், சாப்பிட்டு வரச் சொல்லச் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். இதை சுகாதார ஆபீஸ்காரங்ககிட்டயும் சொல்வீங்களா என்று கேட்டார். தொலைபேசி அறை, குட்டியின் பள்ளிக்கூடம், இவருடைய களைத்த முகம் எல்லாம் வந்து முன்னால் நின்றன.

“சொல்றேன்.”

சரி என்றார். மன்னித்தேன் என்றும் இல்லை, போ என்றும் இல்லை. வாசல் வரை வந்த தம்பி, “நான் அழிச்சாலும் அது போகாதுக்கா” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. அக்கா என்றான்.

மார்ச் 3

இவரிடம் சொல்லிவிட்டேன். எங்கே போனேன், என்ன சொன்னேன், இனி என்ன சொல்லப் போகிறேன், எல்லாம். “அப்ப அந்த போன் ரூம் வேலையும் போச்சா?” என்றார். ஆமாம் என்றேன். கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ராத்திரி என் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

மார்ச் 10

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கமாம்.

மார்ச் 29

இவர் மூன்று வாரமாக வேண்டியதற்கு மட்டும் பேசுகிறார். உப்பு, சாவி, குட்டியின் காலணி. இன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆட்டோவுல அன்னிக்கு உன் முகத்தைப் பார்த்தேன். குட்டிக்கு வலிப்பு வந்தப்ப. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன். ஊர்ல எல்லாரும் கேக்குறாங்களேன்னு நானும் கேட்டுட்டேன்.”

நான் கேட்காமலேயே சொன்னார்.

ஏப்ரல் 16, புதன்

விசாரணை. சுகாதார அலுவலகத்தின் இரண்டாம் மாடி. மின்விசிறி மட்டும் ஓடுகிற ஒரு நீள அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மா. ஒரு பக்கம் ஆஸ்பத்திரி வக்கீல், அவருக்குப் பின்னால் இஸ்திரி. எதிர்ப்பக்கம் பெயிண்டரும் தம்பியும். இவர் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழேயே நின்றார்.

நான் சொல்ல ஆரம்பித்ததும் வக்கீல் குறுக்கிட்டு, முதலில் சாட்சி எப்படிப்பட்டவர் என்று பார்க்கலாம் என்று அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டார். இத்தனை நாள் பார்க்காமல் தப்பித்தது இன்று முடியவில்லை. திரை முழுக்க என் பல். கண்ணை மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், செத்த மீன் போல் இருந்தது. கண்ணை யார் பார்க்கிறார்கள்?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஆரம்பித்துவிட்டது. கன்னம் இழுக்கிறது. உதட்டைக் கடித்தேன், நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளினேன், அம்மாவை நினைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

“இப்பவும் பாருங்க” என்றார் வக்கீல். “இங்க உக்காந்துக்கிட்டும் இளிக்கிறாங்க. இவங்க பேச்சை நாம நம்பணும்.”

இஸ்திரி குனிந்து கைப்பையில் எதையோ தேடினாள். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கதவு வக்கீலுக்குப் பின்னால் இருந்தது.

அப்போது பெயிண்டர் எழுந்தார். பேச அவருடைய முறைகூட இல்லை.

“அதை எழுதிக்காதீங்கம்மா” என்றார் நடுவில் இருந்தவரிடம். “அது சிரிப்பு இல்ல. என் வீட்டுக்கு வந்தப்பவும் இவங்க இப்படியேதான் நின்னாங்க. இப்படி நின்னுக்கிட்டுதான் உண்மையைச் சொன்னாங்க. அன்னிக்கு அந்த ஆஸ்பத்திரியில என்கிட்ட முகம் கோணாம பேசினவங்க அத்தனை பேரும் பொய் சொன்னாங்க.”

உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

நரைத்த தலை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நீங்க சொல்லுங்கம்மா. முகத்தை நாங்க எழுதப் போறதில்ல.”

சொன்னேன். கடைசி வரைக்கும் வாய் விரிந்தேதான் இருந்தது. கடைசி வரைக்கும் சொன்னேன்.

கீழே இறங்கினால் இவர் வெயிலில் நிற்கிறார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

ஏப்ரல் 17

ஜன்னலைத் திறந்தேன். துணியை எல்லாம் வெளியே போட்டேன்.

மே 30

ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த இறப்பு நேரம் தவறு, மதியத்துக்கு முன்பே என்று தீர்மானித்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரி மேல் நடவடிக்கை வருமாம். தம்பி போன் செய்து சொன்னான். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். “கேட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டாருக்கா” என்றான்.

ஜூலை 8, செவ்வாய்

இவர் உதிரிப் பாகம் வாங்குகிற கடையில் எனக்கு ஒரு மாதமாக வேலை. இவர்தான் போய்க் கேட்டிருக்கிறார், என் பெண்டாட்டிக்கு என்று. போல்ட், நட்டு, செம்புக் குழாய், வளையம். பல்லைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை, அளவு தப்பாமல் எடுத்துக் கொடுத்தால் போதும். கை எல்லாம் கிரீஸ். அத்தை என்னை வாசலிலேயே நிறுத்திச் சோப்புக் கட்டியை நீட்டுகிறாள்.

இன்று மதியம் குழாய் வாங்க ஒருவர் வந்தார். என்னைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“நீங்க அந்த ஆஸ்பத்திரி வீடியோவுல…”

“ஆமா” என்றேன். “குழாய் காலங்குலமா, அரையா?”

அரை என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் ஒன்று தோன்றியது. அவர் அதைக் கேட்டபோது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.